மூன்று கேள்வியும் ஒரு கேட்டும்

கேட்டு மூடவில்லை.

போர்ட் கிள்ளானில் தனலெட்சுமி மேடத்தின் லோரி யார்டு வாசலில் இருந்தது தண்டவாளத்தின் மேல் உருளும் பெரிய இரும்புக் கேட்டு. காலையில் தள்ளினால் சுவரோரமாகப் போய் ஒதுங்கிக்கொள்ளும். வேலை முடிந்ததும் இழுத்து மூடிப் பூட்டுவார்கள். அன்று மதியம் கமலநாதன் கிள்ளான் டவுனில் வேலையை முடித்துவிட்டுத் திரும்பி வந்தபோது, அதன் முனை உள்பக்கமாக நெளிந்து, சக்கரம் ஒன்று தண்டவாளத்தை விட்டு இறங்கிக் கிடந்தது. கமலநாதன் இழுத்துப் பார்த்தார். தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார். கேட்டு முனகியது, நகரவில்லை.

கமலநாதன் அந்த யார்டின் சூப்பர்வைசர். எந்த லோரி எந்தக் கப்பலுக்குப் போக வேண்டும், எந்த டிரைவருக்கு எப்போது லீவு, யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. அந்தத் தலையைப் பற்றி அவருக்கு மிக நல்ல அபிப்பிராயம் உண்டு.

கேட்டை ஒட்டி மாரியாயி அக்காவின் கடை. ஒரு கூடாரம், நாலு மேசை, காலையில் நாசி லெமாக் சோறு, பகல் முழுக்கக் கோப்பி. யார்டின் மூன்று டிரைவர்களில் காலேப்பும் ராதாகிருஷ்ணனும் அங்கேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கமலநாதன் அவர்கள் பக்கத்தில் நின்றே மேடத்துக்குப் போன் போட்டார். எதையும் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவதுதான் அவர் வழக்கம். ஒளிவுமறைவு இல்லாத மனுஷன் என்று பேர் வாங்கியிருந்தார்.

மேடம் விஷயத்தை முழுதாகக் கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

"லோரின்னா எங்கயாவது இடிக்கும், கமலநாதன். அதுக்கு நான் யாரையும் ஏசினதில்ல. ஆனா இடிச்சிட்டு வாயத் திறக்காம போனான் பாருங்க, அவன் நாளைக்கு ரோட்ல ஒரு ஆளை இடிச்சாலும் அப்படித்தான் போவான். அவன் எனக்கு வேணாம்."

"யாரா இருந்தாலும் சரி, நானே கையோட வீட்டுக்கு அனுப்பி வைக்கிறேன் மேடம்" என்றார் கமலநாதன்.

மாரியாயி அக்கா கோப்பி ஆற்றுவதை நிறுத்தினார். காலேப்புக்குச் சாப்பாடு தொண்டையில் சிக்கிக்கொண்டது. இரண்டையும் கமலநாதன் கவனித்தார். கண்டிப்பான பேச்சு உடனே வேலை செய்கிறது என்று எடுத்துக்கொண்டார்.

யார்டில் ஒரு கேமரா இருக்கிறது. அது ஆபீஸ் கதவை மட்டும்தான் பார்க்கும். பகலில் காவலுக்கு ஆளும் கிடையாது. அதனால் என்ன, யோசித்தாலே போதும் என்று நினைத்த கமலநாதன், ஒரு கோப்பி குடித்து முடிப்பதற்குள் ஆளைப் பிடித்துவிட்டார். யுகேந்திரன். இருப்பவர்களில் வேகமாக ஓட்டுபவன் அவன்தான். போன வருஷம் ஒரு கண்ணாடியை உடைத்தவனும் அவன்தான்.

மாலையில் யுகேந்திரன் லோரியை உள்ளே விட்டதும் கமலநாதன் எல்லார் முன்னாலும் பிடித்துக்கொண்டார். செய்ததையும் செய்துவிட்டு இப்படி ஒன்றும் தெரியாதவன் போல் வருகிறாயே என்றார். நாளைக்குச் சாவியைத் தொடாதே என்றார். யுகேந்திரன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். பிறகு கடைப் பக்கம் பார்த்தான். அங்கிருந்து ராதாகிருஷ்ணன் தலையை மெதுவாக, வேண்டாம் என்பது போல் ஆட்டினார். யுகேந்திரன் வாயை மூடிக்கொண்டான்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று கமலநாதன் தனக்குள் சொல்லிக்கொண்டு தன் பிக்கப்பை நோக்கி நடந்தார்.

பிக்கப்பில் ஏறியதும் அவர் செய்ய வேண்டிய வீட்டுப்பாடம் ஒன்று இருந்தது.

இரண்டு வாரத்துக்கு முன் மேடம் அவரைப் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சனிக்கிழமை வகுப்பில் சேர்த்துவிட்டிருந்தார். வேலை பார்க்கும் பெரியவர்கள் தங்கள் வேலையிலிருந்தே கற்றுக்கொள்வது எப்படி என்பது பாடம். ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் நடந்தது. இந்த வயதில் எனக்கு யார் என்ன சொல்லித்தரப் போகிறார்கள் என்றுதான் கமலநாதன் போய் உட்கார்ந்தார். வகுப்பு நடத்திய ஷார்மைன் மிஸ்ஸும் அதையே சொன்னார். பெரியவர்களுக்கு யாரும் புதிதாகப் பாடம் நடத்தத் தேவையில்லை, அவர்கள் கழிக்கிற ஒவ்வொரு நாளும் ஒரு பாடம், ஆனால் அதை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை, அதுதான் குறை என்றார்.

திருப்பிப் பார்க்க மூன்று கேள்வி கொடுத்தார். இன்றைக்கு எது நன்றாக நடந்தது? எது சரியாக நடக்கவில்லை? அடுத்த முறை நான் எதை மாற்றிச் செய்வேன்? பதிலைச் சொல்லிவிட்டுத் தனக்குத் தானே கட்டைவிரலால் மார்க் போட வேண்டும். நன்றாகச் செய்திருந்தால் விரல் மேலே, சுமார் என்றால் குறுக்கே, மோசம் என்றால் கீழே. எழுதச் சொன்னால் நீங்கள் எழுத மாட்டீர்கள், அதனால் போனில் பேசிப் பதிவு செய்து, திருப்பிப் போட்டுக் கேளுங்கள் என்றார்.

பேசச் சொன்னது கமலநாதனுக்குப் பிடித்துப் போயிற்று. குறுக்கே யாரும் பேசாத ஒரே இடம் பிக்கப் என்பதால் அதற்குள் உட்கார்ந்து காலையிலும் மாலையிலும் பேசித் தள்ளினார். எது சரியாக நடக்கவில்லை என்ற கேள்விக்குத்தான் பதில் அதிகம் வந்தது. டிரைவர்கள், ட்ராஃபிக், மழை, கப்பல், கஸ்டமர். கட்டைவிரல் எப்போதும் மேலேதான் இருந்தது. போன சனிக்கிழமை வகுப்பில் அதில் ஒன்றைப் போட்டுக் காட்டியபோது ஷார்மைன் மிஸ் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"இதுல எல்லாரும் இருக்காங்க அங்கிள். நீங்க எங்க இருக்கீங்க?" என்றார்.

அந்தக் கேள்வி உள்ளே தைத்திருந்தது. அதனால் அன்று மாலை முதல் தடவையாக நியாயமாகப் பேசிப் பார்ப்போம் என்று ஆரம்பித்தார். எது நன்றாக நடந்தது: ஆளைச் சீக்கிரம் கண்டுபிடித்தேன். எது சரியாக நடக்கவில்லை என்று வந்தபோது பேச்சு நின்றது. யுகேந்திரனை விடியுமுன்பே அம்பாங்குக்கு அனுப்பியது யார்? அவரேதான். அதற்குப் பிறகு காலையில் அவர் யார்டுக்கு வந்தபோது கேட்டு எப்படி இருந்தது? நன்றாக இருந்தது.

அம்பாங்கில் இருந்தவன் போர்ட் கிள்ளானில் கேட்டை இடிக்க முடியாது.

கமலநாதன் நல்ல மனுஷன். தவறு என்று தெரிந்துவிட்டால் மனசு பொறுக்காது. "யுகேந்திரன் மேல தப்பே இல்ல. நான்தான் யோசிக்காம பேசிட்டேன். அதுவும் நாலு பேர் முன்னால. என் புள்ள மாதிரி வளர்ந்தவன் அவன். நாளைக்கு முதல்ல கேக்கணும், அப்புறந்தான் ஏசணும். இன்னைக்கு எனக்குக் கட்டைவிரல் கீழே" என்று குரல் தழுதழுக்கப் பேசி முடித்தார்.

இந்தப் பதிவுகளை அவர் தன் இன்னொரு நம்பருக்கு அனுப்பி வைப்பார். அது 'கமல் சொந்தம்' என்ற பேரில் இருந்தது. அதற்கு நேர் கீழே இருந்தது 'கமல் யார்டு', டிரைவர்கள் எல்லாரும் மேடமும் இருக்கும் குரூப். கண் கலங்கியிருந்ததால் விரல் ஒரு வரி கீழே பட்டுவிட்டது.

பார்த்ததும் பதறிப்போய் அழித்தார். எனக்கு மட்டும் அழிக்கவா, எல்லாருக்கும் அழிக்கவா என்று போன் கேட்டது. தான் போட்டதைத் தானே அழிக்கிறோம், இதில் மற்றவர்கள் எங்கே வந்தார்கள் என்று முதலாவதை அழுத்தினார். அவர் கண்ணிலிருந்து பதிவு மறைந்தது. நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

மறுநாள் யார்டே மாறியிருந்தது. வணக்கம் சொல்லாதவனெல்லாம் வணக்கம் சொன்னான். மாரியாயி அக்கா கேட்காமலே ஒரு முட்டை கூட வைத்தார். யுகேந்திரன் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "கேட்டேன் அண்ணே, ராத்திரி எங்கம்மாவும் கேட்டாங்க" என்றான்.

என்னத்தைக் கேட்டாய் என்று கமலநாதன் கேட்க, அவன் போனை எடுத்து அவர் குரலையே அவருக்குப் போட்டுக் காட்டினான்.

காது சிவந்து நின்றவருக்கு அடுத்த நிமிஷமே மேடத்திடமிருந்து போன். இன்றோடு நம் கதை முடிந்தது என்றுதான் எடுத்தார். மேடமோ வேறு மாதிரி பேசினார். இந்தத் தொழிலில் இத்தனை வருஷம் இருக்கிறேன், நான் தப்புச் செய்தேன் என்று தானாக ஒரு சூப்பர்வைசர் சொல்லி இப்போதுதான் கேட்கிறேன் என்றார். இதை எல்லாருக்கும் சொல்லிக்கொடுங்கள் என்றார்.

"எல்லாரும் இப்படித் தன்னைப் பார்த்துக்க ஆரம்பிச்சா, அந்தக் கேட்டு ஆளும் தானா வெளிய வந்துருவான்."

போனை வைத்தபோது கமலநாதன் பழைய கமலநாதனாகிவிட்டார். கொஞ்ச நேரத்தில், அந்தப் பதிவை வேண்டுமென்றேதான் குரூப்பில் போட்டோம் என்று அவருக்கே தோன்ற ஆரம்பித்தது.

அடுத்த நாள் காலை லோரிகள் கிளம்புமுன் எல்லாரையும் கடை முன் நிற்க வைத்தார். மூன்று கேள்வியைச் சொன்னார். கட்டைவிரலைச் செய்து காட்டினார். காலேப் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். அவன் கை தூக்கி, இது எங்கள் பாவமன்னிப்பு மாதிரியா என்று கேட்டான்.

"அதுல ஃபாதர்கிட்ட சொல்லணும். இதுல உனக்கு நீயே சொல்லிக்கணும்" என்றார் கமலநாதன்.

"அப்ப மன்னிப்பு யார் அண்ணே குடுப்பாங்க?"

அது அடுத்த சனிக்கிழமைப் பாடத்தில் வரும் என்றார் கமலநாதன்.

காலேப் மற்ற இருவரையும் பார்த்தான். பிறகு கட்டைவிரலைக் கீழே திருப்பினான்.

"அந்தக் கேட்டை இடிச்சது நான்தான் அண்ணே."

கமலநாதனுக்கு மெய்சிலிர்த்தது. கையில் எடுத்த முதல் நாளே பலன். அவனைக் கட்டிப்பிடித்து, உண்மை சொல்ல ஒரு தைரியம் வேண்டும் என்று எல்லார் முன்னாலும் பாராட்டினார். பாராட்டி முடிக்கும்போதுதான், இடித்தவனைக் கையோடு வீட்டுக்கு அனுப்புகிறேன் என்று தான் சொன்ன வார்த்தை நினைவு வந்தது. காலேப்புக்குப் போன மாதம்தான் குழந்தை பிறந்திருந்தது. பெயர் வைத்த விருந்தில் கமலநாதன் இரண்டு தடவை பிரியாணி வாங்கிச் சாப்பிட்டிருந்தார்.

மேடத்துக்குப் போன் போட்டு, தானே முன்வந்து சொல்லிவிட்டானே, விட்டுவிடலாமே என்று இழுத்தார். மேடம் அசையவில்லை. உடனே சொல்லியிருந்தால் வேறு, ஒளித்துவிட்டுக் கேட்ட பிறகு சொல்வது வேறு என்றார். வார்த்தை கொடுத்தது நீங்கள், திங்கட்கிழமை நான் யார்டுக்கு வருகிறேன், அதற்குள் முடித்துவிடுங்கள் என்றார்.

இதைக் காலேப்பிடம் சொல்ல வாய் வராமல் கமலநாதன் யார்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். மதியம் ராதாகிருஷ்ணன் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். வயதில் மூத்தவர், அதிகம் பேசாதவர். அவர் மனைவிக்கு ஒரு நாள் திடீரென்று நெஞ்சு வலித்தபோது கமலநாதன்தான் தன் பிக்கப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தவர். அதிலிருந்து இருவருக்கும் ஓர் ஒட்டுதல்.

"காலேப் சொல்றது பொய். நான்தான் இடிச்சேன்" என்றார் ராதாகிருஷ்ணன். கட்டைவிரலையும் மறக்காமல் கீழே காட்டினார்.

கமலநாதன் அவரைக் கேட்டுக்கே கூட்டிக்கொண்டு போனார். எப்படி இடித்தீர்கள், காட்டுங்கள் என்றார். ராதாகிருஷ்ணன் இப்படி வந்தேன், இப்படித் திரும்பினேன் என்று கையால் காற்றில் லோரி ஓட்டினார். கமலநாதன் குனிந்து நெளிந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். அது அவர் முழங்கால் உயரத்தில் இருந்தது.

"லோரி பம்பர் இவ்வளவு கீழயா இருக்கும்?"

ராதாகிருஷ்ணனுக்கு வியர்த்தது. "அன்னைக்கு டயர்ல காத்து கம்மியா இருந்துச்சு" என்றார் கடைசியில்.

டயரைப் பார்க்காமல் வண்டி எடுத்ததையும் சேர்த்து ஒத்துக்கொள்கிறாரே என்று கமலநாதன் உருகிப்போனார். அதற்கும் ஒரு கட்டைவிரல் கீழே போடச் சொன்னார். ராதாகிருஷ்ணன் இரண்டு கையாலும் போட்டார்.

லோரி நிறுத்துமிடத்துக்குக் கமலநாதன் திரும்பியபோது யுகேந்திரன் காத்திருந்தான். தானும் ஒன்று சொல்ல வேண்டும் என்றான்.

"நீயுமா? நீ அம்பாங்ல இல்ல இருந்த?"

"போறதுக்கு முன்னாடி இடிச்சிட்டேன்."

"நான் வந்தப்ப கேட்டு நல்லா இருந்துச்சே."

"அப்ப திரும்பி வந்தப்ப."

"நீ வர்றதுக்கு முன்னாடியே மூட முடியாம கிடந்துச்சு, அதுக்குத்தானே உன்னை ஏசினேன்."

யுகேந்திரன் தலையைச் சொறிந்துகொண்டான். "அப்படின்னா மனசால இடிச்சிருப்பேன் அண்ணே. எதுக்கும் என் பேரையும் போட்டுக்கங்க" என்றான்.

ஒரு கேட்டுக்கு மூன்று பேர். சனிக்கிழமை கமலநாதன் வகுப்பு தொடங்கும் முன்பே போய் ஷார்மைன் மிஸ்ஸிடம் சந்தேகம் கேட்டார். ஒரே தப்புக்கு மூன்று மாணவர்கள் தங்களுக்கு மோசமான மார்க் போட்டுக்கொண்டால் என்ன அர்த்தம் என்றார். மிஸ் கொஞ்சம் யோசித்தார். சிலர் தங்களைத் தேவைக்கு மேல் குறைத்து மதிப்பிடுவார்கள், அதுவும் கூட்டி மதிப்பிடுவது போலத் தப்புதான், என்ன ஆதாரம் என்று பார்க்கச் சொல்லுங்கள் என்றார். ஏன் அப்படிக் குறைத்துக்கொள்கிறார்கள் என்றும் கேட்டுப் பாருங்கள் என்றார்.

கமலநாதன் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். தவறு எங்கே என்று அவருக்கு விளங்கிவிட்டது. தான் தேவைக்கு மேல் நன்றாகச் சொல்லிக்கொடுத்துவிட்டார். பையன்கள் மனசு இளகி, உலகத்தில் நடக்கிற எல்லாத் தப்புக்கும் தாங்களே காரணம் என்று நினைக்கும் அளவுக்குப் போய்விட்டார்கள். அப்படியென்றால் இடித்தது எவனோ வெளி ஆள். இனி வேலை, இவர்களுக்குத் தன்னம்பிக்கையைத் திருப்பிக் கொடுப்பது.

திங்கட்கிழமை காலை மூவரையும் வரிசையாக நிற்க வைத்து, கட்டைவிரலை மேலே தூக்கி, நான் நல்ல டிரைவர், எந்தக் கேட்டையும் நான் இடிக்கவில்லை என்று உரக்கச் சொல்லச் சொன்னார். முதலில் குரல் எழவில்லை. மூன்றாவது தடவை மூவரும் சேர்ந்து நன்றாகவே சொன்னார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் மேடத்தின் கார் உள்ளே நுழைந்தது.

மேடம் இறங்கி வந்து, நெளிந்த கேட்டைப் பார்த்தார், விரலைத் தூக்கி நிற்கும் மூவரையும் பார்த்தார்.

"ஆள் யாருன்னு தெரிஞ்சிருச்சா?" என்றார்.

கமலநாதன் வாய் திறக்குமுன், மேலே நின்ற மூன்று கட்டைவிரலும் ஒன்றாகக் கீழே திரும்பின. நான்தான் என்று காலேப் சொன்னான். இல்லை மேடம் நான் என்றார் ராதாகிருஷ்ணன். யுகேந்திரன் அம்பாங் என்று ஏதோ ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டு, அவனும் நான்தான் என்றான்.

மேடம் கைப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டார். மூன்று பேரையும் அனுப்பிவிட்டால் லோரியை யார் எடுப்பது என்று அவர் கேட்கவில்லை. இன்றைக்கு ஒருவரும் உண்மை பேசாவிட்டால் மூவரும் கிளம்பலாம் என்றார். சொன்னதைச் செய்கிறவர் என்று எல்லாருக்கும் தெரியும். கடைக்குள் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. மாரியாயி அக்கா எட்டி அதை நிறுத்தினார்.

கமலநாதன் மூவரையும் பார்த்தார். காலேப்பின் சட்டையில் குழந்தை பால் கக்கிய கறை காயாமல் இருந்தது. ராதாகிருஷ்ணன் கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். யுகேந்திரன், திட்டு வாங்கிய அன்று நின்ற மாதிரியே, வாயை இறுக்கிக்கொண்டு நின்றான்.

அவருக்கு என்ன தோன்றியதோ, ஓர் அடி முன்னால் வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். தன் கட்டைவிரலை உயர்த்தி, எல்லாரும் பார்க்க மெதுவாகக் கீழே திருப்பினார்.

"இவங்க மேல ஒரு தப்பும் இல்ல மேடம். இந்த யார்டுக்குப் பொறுப்பு நான். இந்தக் கேட்டு இப்படிக் கிடக்குதுன்னா அதுக்குக் காரணம் நான்தான். அனுப்பறதா இருந்தா என்னை அனுப்புங்க."

யுகேந்திரனின் கட்டைவிரல் தானாக மடங்கியது. காலேப் சிலுவை போட்டுக்கொண்டான். ராதாகிருஷ்ணன் கண்ணைத் திறக்கவே இல்லை.

பேசி முடித்த பிறகு கமலநாதனுக்கே அந்தப் பேச்சு மிகவும் பிடித்திருந்தது. ஒரு தலைவன் பேசும் பேச்சு. போனில் பதிவு செய்யாமல் விட்டுவிட்டோமே என்று ஒரு சின்ன வருத்தம் மட்டும் இருந்தது.

மேடம் அவரையே பார்த்தார். முகத்திலிருந்த கடுமை இறங்கிக்கொண்டே வந்தது.

"இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே, கமலநாதன்" என்றார்.

"அப்ப எனக்கு இந்த அளவுக்குத் தெளிவு வரல மேடம். வகுப்புக்குப் போய்த்தான் வந்துச்சு."

"பரவால்ல. லேட்டா சொன்னாலும் எல்லார் முன்னாலயும் சொன்னீங்க. எல்லாராலும் முடியாது." அவர் மூன்று டிரைவர்கள் பக்கம் திரும்பி, கப்பல் காத்திருக்கிறது, கிளம்புங்கள் என்றார். காரில் ஏறும்போது, கேட்டு சரிபண்ண ஆள் வருவான், நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள் என்று கமலநாதனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கமலநாதனின் வாழ்க்கையிலேயே பெரிய மரியாதை. மூவரும் ஒருவர் பின் ஒருவராக வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ராதாகிருஷ்ணனுக்குக் கண் கலங்கியிருந்தது. இப்போது நெஞ்சிலிருந்து பாரம் இறங்கிவிட்டதா அண்ணே என்று காலேப் கேட்டான். பொறுப்பில் இருக்கிறவனுக்குப் பாரம் ஒரு நாளும் இறங்காது தம்பி என்று கமலநாதன் சொன்னார். அவன் அதைக் கேட்டு இன்னும் மரியாதையாகப் பார்த்தான்.

கேட்டை நிமிர்த்தி, வெல்டிங் வைத்து, பெயின்ட் அடித்த பிறகு அது முன்னைவிட லேசாக ஓடியது. மேடம் பங்சாரில் இருக்கும் தன் தம்பியின் ஆபீசுக்கும் போய் இந்த மூன்று கேள்வியைச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்டார். கமலநாதன் புதுச் சட்டை ஒன்று தைக்கக் கொடுத்தார்.

கடைசி வகுப்பில் ஷார்மைன் மிஸ் யாராவது தங்கள் அனுபவத்தைச் சொல்லலாம் என்றதும் அவர்தான் முதலில் எழுந்தார். கேட்டு நெளிந்ததிலிருந்து தன் கட்டைவிரல் கீழே திரும்பியது வரை ஒன்றுவிடாமல் சொன்னார். இன்னொருவர் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்வதுதான் உண்மையான சுயமதிப்பீடு என்று முடித்தார். வகுப்பு கைதட்டியது. மிஸ் மட்டும் ஏதோ கேட்க வந்து, நேரமாகிவிட்டதால் விட்டுவிட்டார்.

பிறகு மிஸ் கடைசி வீட்டுப்பாடத்தைக் கொடுத்தார். என்னதான் பார்த்துக்கொண்டாலும் தன் முதுகு தனக்குத் தெரியாது. அதனால் பக்கத்தில் இருந்து பார்த்த ஒருவரிடம் போய், நான் எப்படிச் செய்தேன் என்று கேளுங்கள். அவர் சொல்வதற்குப் பதில் பேசாதீர்கள், விளக்கம் கொடுக்காதீர்கள். நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள் என்றார்.

யாரைக் கேட்பது என்று கமலநாதன் அதிகம் யோசிக்கவில்லை. டிரைவர்கள் தன்மேல் உள்ள பாசத்தில் கூட்டிச் சொல்வார்கள். நடுநிலையான ஆள் வேண்டும். திங்கட்கிழமை காலை, கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து மாரியாயி அக்கா கடையில் போய் உட்கார்ந்தார். மூவரும் பக்கத்து மேசையில் சிரித்துப் பேசிச் சாப்பிட்டுவிட்டு அப்போதுதான் கிளம்பியிருந்தார்கள். அக்கா அவர்கள் தட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இந்தக் கேட்டு விஷயத்துல ஆரம்பத்துலேருந்து எல்லாத்தையும் இங்கேருந்து பார்த்தவங்க நீங்க. மறைக்காம சொல்லணும். நான் எப்படிச் செஞ்சேன்?"

மாரியாயி அக்கா தட்டுகளைக் கீழே வைத்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, மனசாரச் சொன்னார்.

"அன்னைக்குப் போன்ல பேசிக்கிட்டே பிக்கப்ப ரிவர்ஸ் எடுத்து, கேட்டை இடிச்சிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமப் போனது நீங்கதான்னு மேடம் முன்னால நீங்களே ஒத்துக்கிட்டீங்க பாருங்க தம்பி, அதுக்கப்புறந்தான் அந்த மூணு பேருக்கும் சோறே இறங்குது."